வெறும் கலவை அல்ல

கண்ணாடி உடையும். இறுகிய பாலியஸ்டர் ரெசினும் உடையும்; அதைத் தனியாகத் தகடாக வார்த்துத் தரையில் போட்டால் மூலை தெறித்துப்போகும். உடைகிற இந்த இரண்டையும் சேர்த்துச் செய்த படகை அலையடிக்கும் கரையில் தள்ளி இறக்குகிறார்கள், மணலில் இழுத்து ஏற்றுகிறார்கள். அதற்கு ஒன்றும் ஆவதில்லை. இதைப் பார்த்து நமக்கு ஆச்சரியம் வரலாம். காப்புரிமைப் பரிசோதகருக்கு வராது. "இரண்டும் பழைய பொருள்தானே, கலந்ததில் புதிதாக என்ன வந்தது?" என்று கேட்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

இந்தியாவில் அந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(ஈ) சொல்வது இது: பொருள்களை வெறுமனே கலந்து, அவற்றின் குணங்கள் ஒன்றாகக் கூடியதைத் தவிர வேறெதுவும் நிகழவில்லை என்றால் அது கண்டுபிடிப்பு ஆகாது. கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கை மனதில் வைத்தே எழுதினார்களோ என்று தோன்றும். அப்படியில்லை. பிரிட்டனின் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே போன்ற வாசகம் உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் பொருந்துவதாக இருந்தது. தெரிந்த இரண்டு மருந்துகளை ஒரு புட்டியில் ஊற்றிப் புது மருந்து என்று உரிமை கேட்பவர்களைத் தடுக்கும் ஏற்பாடு அது. நம் சட்டத்தில் அந்த வரம்பு இல்லை. எந்தக் கலவையாக இருந்தாலும் பொருந்தும். ஆகவே இருமல் மருந்துக்குக் கேட்கிற அதே கேள்வியை, கார் ரேடியேட்டர் தொட்டிக்கான நைலான் கலவையும் சந்திக்கிறது.

கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் பிறந்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் 1932இல் நடந்த ஒரு தற்செயலில் தொடங்குவார்கள். நான் பன்னிரண்டு வருஷம் முன்னால் போகிறேன். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் ஏ. ஏ. கிரிஃபித் என்ற இளம் பொறியாளர் கண்ணாடியை உருக்கி இழையாக இழுத்து, அறுந்துபோகும்வரை பாரம் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடிக் கம்பி ஒரு சதுர அங்குலத்துக்கு 24,900 பவுண்டு தாங்கியது. இழை மெலிய மெலிய இந்த எண் ஏறிக்கொண்டே போனது. தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய, 0.0033 மில்லிமீட்டர் இழை 4,91,000 பவுண்டு தாங்கியது. அதே கண்ணாடி, ஏறக்குறைய இருபது மடங்கு பலம். கண்ணாடி பலவீனமான பொருள் அல்ல, அதன் மேலுள்ள நுண்ணிய கீறல்கள்தான் அதை உடைக்கின்றன, மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை என்பது 1921இல் அச்சான அவருடைய கட்டுரையின் சாரம்.

இந்த ஆராய்ச்சி எப்படி நின்றது என்று பொருள் அறிவியலாளர் ஜே. இ. கார்டன் தன் நூலில் எழுதியிருக்கிறார். கிரிஃபித்தின் உதவியாளர் பென் லாக்ஸ்பைசர் ஒரு மாலை கண்ணாடி உருக்கும் எரிவாயு விளக்கை அணைக்க மறந்துவிட்டுப் போனார், தீப்பிடித்தது. விசாரணை நடந்தது, இப்படி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது, கிரிஃபித் இயந்திரப் பிரிவுக்குப் போனார். (லாக்ஸ்பைசருக்கு அதனால் கெடுதல் ஒன்றும் வரவில்லை, பிற்பாடு சர் பட்டம் பெற்று, செர்ன் ஆய்வகத்தின் ஆட்சிக் குழுவுக்கு முதல் தலைவரும் ஆனார்.) அந்த இழையை ஏதாவது ஒன்றில் புதைத்துப் பார்க்கும் யோசனை அந்தக் கட்டத்தில் யாருக்கும் வரவில்லை.

கண்ணாடியை நூலாக்கலாம் என்பது அதற்கும் முன்பே தெரிந்த விஷயம். 1880இலேயே பட்டுடன் சேர்த்து நெய்த கண்ணாடித் துணிக்கு அமெரிக்கக் காப்புரிமை உண்டு. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் எட்வர்ட் லிபியின் நிறுவனம் நடிகை ஜார்ஜியா கேவனுக்குக் கண்ணாடி நூல் கலந்த ஆடை செய்து கொடுத்தது. பார்க்க அழகு, மடித்தால் நூல் ஒடியும். வேடிக்கைப் பொருளாக நின்றுவிட்டது.

1932இல் ஒஹையோ மாநிலத்தில், ஓவன்ஸ்-இல்லினாய்ஸ் நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர், கட்டடத்துக்கான கண்ணாடிக் கட்டிகள் இரண்டை ஒட்டவைக்க முயன்றுகொண்டிருந்தார். ஒட்டுவதற்கு உருகிய கண்ணாடியையே பீய்ச்சினார். காற்றழுத்தம் அந்த உருகலைப் பிய்த்து மெல்லிய இழைகளாகப் பறக்கவிட்டது. அவருக்கு மேலதிகாரி கேம்ஸ் ஸ்லேட்டர். மலிவாகக் கண்ணாடிக் கம்பளி செய்ய வழி தேடிக்கொண்டிருந்தவர் அவர்தான். காற்றுக்குப் பதில் நீராவியை வைத்து முறையைச் சீராக்கி 1933இல் விண்ணப்பம் போட்டார். காப்புரிமை 1938இல் கிடைத்தது. அதே வருஷம் ஓவன்ஸ்-இல்லினாய்ஸும் கார்னிங்கும் சேர்ந்து ஓவன்ஸ்-கார்னிங் ஃபைபர்கிளாஸ் என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கின. அந்தப் பிறப்பில் பிளாஸ்டிக் என்ற பேச்சே இல்லை. வீட்டுக்குள் சூடு புகாமல் தடுப்பதும், மின்கம்பிக்கு உறை போடுவதும்தான் நோக்கம்.

மின்கம்பி உறைதான் அடுத்த திருப்பத்தைத் தந்தது. ஜன்னல் கண்ணாடியில் சோடா நிறைய இருக்கும். இழையாக இழுத்தால் பரப்பு பெருகிவிடுவதால் ஈரம் அந்தச் சோடாவைக் கரைத்து எடுத்துவிடும், மின்சாரமும் கசியும். எனவே சோடா இல்லாத, சுண்ணாம்பும் அலுமினாவும் போரானும் கொண்ட ஒரு கண்ணாடியை உருவாக்கினார்கள். ஷோன்லாப் என்பவர் பெயரில் 1943இல் வெளிவந்த காப்புரிமை அது. சிலிக்கா 52 முதல் 56 சதவீதம், சுண்ணாம்பு 16 முதல் 25, அலுமினா 12 முதல் 16 என்ற ரீதியில் இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிற ஈ-கிளாஸ். மின்சாரத்துக்காக வைத்த 'ஈ' அது. இன்று படகுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பம்பருக்கும் போகிற இழை பெரும்பாலும் இதுதான். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் சதவீத வரம்புகள் முக்கியமான பாத்திரமாக உள்ளே வருவது இங்கேதான். பொருள் இன்னது என்று சொல்வதோடு நிற்காமல், எவ்வளவிலிருந்து எவ்வளவுவரை என்று வேலி போடுவது. பிறகு அந்த வேலிகளுக்குள்தான் சண்டை முழுவதும்.

ரெசின் பக்கம் வருவோம். பேக்லைட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால் அது இறுகும்போது நீரைக் கக்கும். குமிழி விழாமலிருக்கப் பெரிய அழுத்தம் வேண்டும், அதற்குப் பெரிய பிரஸ் வேண்டும். படகு அளவுக்கு யார் பிரஸ் வைப்பது? நியூஜெர்சியில் கார்ல்டன் எல்லிஸ் என்ற வேதியியலாளர் இருந்தார். வாழ்நாளில் 753 அமெரிக்கக் காப்புரிமைகள் வாங்கிய மனிதர். பெயிண்ட் நீக்கி முதல் மார்கரின்வரை கைவைக்காத துறை இல்லை. மேலீயிக் அன்ஹைட்ரைடையும் கிளைக்காலையும் சேர்த்துச் செய்த பாலியஸ்டரில் ஸ்டைரீன் போன்ற ஒரு திரவத்தைக் கலந்தால், இரண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வேகமாக இறுகுகின்றன என்று அவர் கண்டார். நீர் வெளியேறுவதில்லை, அழுத்தம் தேவையில்லை. 1937இல் விண்ணப்பித்தார். 1941 ஜனவரியில் இறந்துபோனார். காப்புரிமை 1941 செப்டம்பர் 9 அன்று வெளியானது.

அந்த நாள் அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள், வழங்கிய தேதியிலிருந்து 17 வருஷம். எனவே 1958இல் எல்லிஸின் ரெசின் ஊருக்குப் பொதுவாகிவிட்டது. நம் கடற்கரைப் பட்டறைகளில் மோல்டின் மேல் ஜெல் கோட் அடித்து, கண்ணாடி இழை மேட் விரித்து, ரெசினில் கேட்டலிஸ்ட் கலந்து பிரஷ்ஷால் தடவி, ரோலரால் காற்றுக் குமிழியை ஓட்டி ஃபைபர் படகு செய்பவர்கள் யாருக்கும் ராயல்டி கட்டவில்லை, கட்டவும் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் இருந்த இடங்களில் இந்தப் படகுகள் ஏராளமாக வந்து நின்றதற்கு நிவாரணப் பணம் ஒரு காரணம் என்றால், யாரிடமும் அனுமதி கேட்காமல் யாரும் செய்யக்கூடிய பொருளாக அது ஆகிவிட்டிருந்தது இன்னொரு காரணம்.

இழையும் ரெசினும் சந்தித்தது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். விமானத்தின் ரேடாருக்கு மூடி வேண்டும். உலோகம் ரேடியோ அலையை மறைக்கும், மரம் ஈரம் குடிக்கும். கண்ணாடித் துணியில் பாலியஸ்டர் ஊற்றிச் செய்த கூடுகள் இரண்டு குறையையும் தீர்த்தன. 1944இல் அமெரிக்க ராணுவ விமானப் படையின் ரைட் ஃபீல்டில், உடற்பகுதியில் இந்தப் பொருளைக் கொண்ட பயிற்சி விமானம் ஒன்று பறந்தது. 1953இல் செவ்ரோலே கொர்வெட் கார் வந்தது. முதல் வருஷம் கையால் செய்த 300 கார்கள். இதுவரை எல்லாம் வெற்றிக் கதை, எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

எல்லாப் புத்தகத்திலும் இல்லாத பகுதி தண்ணீர். ஆரம்பகாலத் தகடுகள் காய்ந்த நிலையில் நன்றாகப் பாரம் தாங்கின. நனைந்து ஊறினால் பலம் கணிசமாக இறங்கியது. கண்ணாடியின் மேற்பரப்புக்கு நீர்மேல் அபாரப் பிரியம். ரெசின்மேல் பெரிதாக எதுவும் இல்லை. இடுக்கு வழியே ஈரம் உள்ளே ஊடுருவி இழைக்கும் ரெசினுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. அதாவது அந்தக் கட்டத்தில் அந்தப் பொருள் பாதி வழியில், பிரிவு 3(ஈ) சொல்கிற வெறும் கலவைக்குப் பக்கத்திலேயேதான் நின்றது.

1947இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் விட் அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்த ஒரு சோதனையை இந்தக் கதையின் நடுமையமாக நான் வைப்பேன். கண்ணாடி இழையை இரண்டு விதச் சிலிக்கன் சேர்மங்களால் (சிலேன்) பூசினார். ஒன்று எத்தில் வகை. அது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதன் மறுமுனைக்கு ரெசினோடு வினை புரியத் தெரியாது. இன்னொன்று அல்லில் வகை. அதன் மறுமுனையில் இரட்டைப் பிணைப்பு உண்டு. பாலியஸ்டர் இறுகும்போது அதுவும் சேர்ந்து கோத்துக்கொள்ளும். அல்லில் பூசிய இழையில் செய்த தகடு, எத்தில் பூசியதைவிட இரண்டு மடங்கு பலம் காட்டியது. இழை ஒன்றே, ரெசின் ஒன்றே, பூசிய அளவும் சொற்பம். மாறியது மூலக்கூறின் ஒரு வால் மட்டும். இதற்குப் பிறகு வினைல் சிலேன், அமினோ சிலேன் என்று வரிசையாக வந்தன. டூபாண்டின் குரோமிய வகை ஒன்றும் சில காலம் போட்டி போட்டது. சிலேன் என்பது பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவில் நிற்கும் தரகர் போல. கல்யாணம் முடிந்ததும் கமிஷனோடு கிளம்பாமல் நடுவீட்டிலேயே தங்கிவிடுகிற தரகர் என்பதுதான் வித்தியாசம்.

இந்தச் சோதனை காப்புரிமைக்காகச் செய்ததல்ல. ஆனாலும் ஒரு பரிசோதகர் ஆசைப்படுகிற ஒப்பீடு இதைவிடச் சுத்தமாக இருக்க முடியாது. எல்லாவற்றையும் அப்படியே வைத்து, ஒன்றை மட்டும் மாற்றி, அந்த ஒன்றினால் என்ன ஆனது என்று காட்டுவது. இன்று வரும் விண்ணப்பங்கள் பலவற்றில் இந்த ஒழுங்கு கிடையாது. எடுத்துக்காட்டு 1இல் இழையும் மாறியிருக்கும், ரெசினும் மாறியிருக்கும், தீத்தடுப்பானும் கூடியிருக்கும். கடைசியில் பலம் கூடியது எதனால் என்று விண்ணப்பித்தவருக்கே தெரியாது.

இதுவரை சொன்னது தெர்மோசெட், அதாவது ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாத வகை. பரிசோதகர் மேஜையில் இப்போது குவிவது பெரும்பாலும் இன்னொரு வகை: உருக்கி மோல்டிங் மெஷினில் செலுத்தும் நைலான், பி.பி.டி., பாலிகார்பனேட். அதன் தொடக்கம் இண்டியானா மாநிலத்து வார்சா என்ற சிற்றூரில், ஃபைபர்ஃபில் நிறுவனத்தில். ரெக்ஸ்ஃபர்ட் பிராட் கண்ணாடி நூற்கற்றையைப் பிளாஸ்டிக்கில் தோய்த்து இழுத்து, காய்ந்ததும் குட்டை குட்டையாக வெட்டிக் குருணையாக்கினார். குருணை எவ்வளவு நீளமோ உள்ளிருக்கும் இழையும் அவ்வளவு நீளம். சாதாரண இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினிலேயே அதைப் போட்டுப் பாகம் எடுக்கலாம். 1952இல் விண்ணப்பம், 1959இல் காப்புரிமை. நைலான் 66இல் 30 சதவீதம் கண்ணாடி சேர்த்தால், பாரத்தோடு சூடாக்கும்போது வளையத் தொடங்கும் வெப்பநிலை 75 டிகிரி சுற்றுவட்டாரத்திலிருந்து 250 டிகிரிக்குத் தாவுகிறது. கார் பானெட்டுக்குள் பிளாஸ்டிக் நுழைந்ததே இந்தத் தாவலால்தான்.

சரி, ஒரு விண்ணப்பம் மேஜைக்கு வருகிறது. உரிமைக் கோரல் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: நைலான் 66 நூறு பங்கு, கண்ணாடி இழை 40 முதல் 60 பங்கு, ஏதோ ஒரு சேர்மம் 0.1 முதல் 2 பங்கு, வார்த்த பாகத்தில் இழையின் சராசரி நீளம் 0.3 மில்லிமீட்டருக்குக் குறையாதது. முதலில் இதற்கு வகைப்பாட்டு எண் போடுவார்கள். பாலிமரில் சேர்க்கும் கண்ணாடி இழைக்கு சி08கே 7/14, நைலான் கலவைக்கு சி08எல் 77. அந்த அறைகளுக்குள் உள்ள ஆவணங்களுக்கு அளவே இல்லை. ஜப்பானிய விண்ணப்பங்கள் மட்டுமே மலைபோல் கிடக்கும். அதில் ஒரே ஆவணத்தில் எல்லா அம்சமும் இருந்தால் புதுமை போயிற்று. அப்படி அபூர்வமாகத்தான் கிடைக்கும். வழக்கமாகக் கிடைப்பது, "கண்ணாடி 10 முதல் 150 பங்குவரை சேர்க்கலாம்" என்று அகலமாக வலை வீசிய பழைய ஆவணம். உங்கள் 40 முதல் 60 அதற்குள் அடங்கியிருக்கிறது. இப்போது அது புதிதா, பழையதா?

அமெரிக்காவில் இதற்கு எல்லாரும் நீட்டுகிற தீர்ப்பு ஆலர் வழக்கு, 1955. அது பிளாஸ்டிக் வழக்கல்ல, ஃபீனால் தயாரிப்பு முறை. பழைய ஆவணம் 100 டிகிரியில் 10 சதவீத அமிலம் என்றது. விண்ணப்பம் 40 முதல் 80 டிகிரி, 25 முதல் 70 சதவீத அமிலம் என்றது. பொதுவான நிலைமைகள் தெரிந்திருக்கும்போது, வழக்கமான சோதனையால் நல்ல எண்ணைக் கண்டுபிடிப்பது கண்டுபிடிப்பாகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரம்புகள் ஒன்றையொன்று தொடாததற்கே இந்த நிலை என்றால் அடங்கிப்போனதற்குச் சொல்ல வேண்டியதில்லை. தப்பிக்க வழக்கமான வழி, அந்த எண்களில் மட்டும் எதிர்பாராத ஏதோ நடக்கிறது என்று காட்டுவது. ஐரோப்பாவில் கொஞ்சம் தாராளம்: தேர்ந்தெடுத்த வரம்பு குறுகலாகவும் பழைய எடுத்துக்காட்டுகளிலிருந்து தொலைவாகவும் இருந்தால் புதுமையை ஒப்புக்கொள்கிறார்கள், டி 198/84 என்ற முறையீட்டுத் தீர்ப்பிலிருந்து வந்த வழக்கம். ஆனால் புதுமை கிடைத்தாலும், அது துறை தெரிந்தவருக்குத் தானாகத் தோன்றக்கூடியதா என்ற அடுத்த வாசல் இருக்கவே இருக்கிறது.

உரிமைக் கோரலின் கடைசித் துண்டில்தான் எனக்குச் சுவாரசியம். இழையின் சராசரி நீளம் 0.3 மில்லிமீட்டர். கேட்பதற்கு எளிய அளவு. நடைமுறையைப் பாருங்கள். தொழிற்சாலையில் 3 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய இழையை எக்ஸ்ட்ரூடரில் போடுகிறார்கள். இரண்டு திருகுகள் சுழன்று நைலானை உருக்கிப் பிசைகிற பிசையலில் இழை நொறுங்கும். அதைக் குறைக்கத்தான் இழையை நைலானோடு சேர்த்து ஆரம்பத்திலேயே போடாமல், நைலான் உருகிய பிறகு பக்கவாட்டு ஃபீடர் வழியாகப் போடுவார்கள். பிறகு மோல்டிங் மெஷினின் திருகு, நாஸில், கேட் என்று மறுபடி நொறுங்கும். பாகமாகும்போது பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் அளவில் நிற்கும். அதற்கும் கீழே போனால் ரெசின் தரும் இழுவையை இழையால் முழுதாக வாங்கிக்கொள்ள முடியாது.

அளக்கும் முறை இது. பாகத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, 600 டிகிரிச் சூளையில் வைத்தால் நைலான் எரிந்துபோகும், வெள்ளையாகக் கண்ணாடி மட்டும் நிற்கும். எடை போட்டால் சதவீதம் தெரிந்துவிடும். அந்த வெள்ளையைக் கொஞ்சம் எடுத்து நீரில் கலக்கிக் கண்ணாடித் தட்டில் பரப்பி, மைக்ராஸ்கோப்பின் கீழ் நூற்றுக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். இடுக்கியால் அழுத்தி எடுத்தாலே சில உடையும். சரி, அளந்தாயிற்று. சராசரி என்றால் எந்தச் சராசரி? 0.1 மில்லிமீட்டரில் பத்து இழையும் 1 மில்லிமீட்டரில் ஒரே ஒரு இழையும் இருந்தால், எண்ணிக்கைச் சராசரி 0.18. அதே இழைகளுக்கு எடைச் சராசரி 0.55. ஒரே தட்டு, ஒன்று உரிமைக்கு வெளியே, மற்றொன்று உள்ளே! எந்தச் சராசரி, எந்த இடத்தில் எடுத்த துண்டு, குருணையிலா பாகத்திலா என்று விண்ணப்பத்தில் எழுதாதவர்களுக்குப் பரிசோதகர் தெளிவின்மை என்று ஆட்சேபம் எழுதுவார். அதைப் பிடிவாதம் என்று முனகுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. வேலி எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் பக்கத்துக் காட்டுக்காரன் எப்படி ஒதுங்கி நடப்பான்?

ஜப்பானில் இந்த எண் வியாபாரம் ஒரு கட்டத்தில் எல்லை மீறியது. புதிதாக ஒரு அளவுகோலைத் தாங்களே உருவாக்கி, அதற்கு ஒரு சமன்பாட்டை எழுதி உரிமை கேட்பது வழக்கமானது. 2005 நவம்பரில் டோக்கியோவின் அறிவுசார் சொத்து உயர் நீதிமன்றம் தன் பெரிய அமர்வில் இப்படி ஒரு வழக்கைத் தீர்த்தது. அது ஒளிமுனைவாக்கப் படலத்துக்கான பாலிமர் பற்றியது. இரண்டு எடுத்துக்காட்டு, இரண்டு ஒப்பீட்டு எடுத்துக்காட்டு, நடுவே ஒரு சாய்கோடு. இந்தப் பக்கம் இரண்டு புள்ளி, அந்தப் பக்கம் இரண்டு புள்ளி இருந்தால் நடுவில் எத்தனை கோடு வேண்டுமானாலும் போடலாமே, உங்கள் கோடுதான் சரி என்பதற்கு ஆதாரம் எங்கே என்று நீதிமன்றம் கேட்டு, காப்புரிமையை ரத்து செய்தது சரிதான் என்றது. கண்ணாடி இழைக் கலவைக்காரர்கள் அதற்குப் பிறகு எடுத்துக்காட்டு அட்டவணையை நீட்ட ஆரம்பித்ததில் வியப்பில்லை.

பரிசோதகரின் பக்கத்திலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அவரிடம் சூளை இல்லை, எக்ஸ்ட்ரூடர் இல்லை. எல்லாம் தாளில்தான். "இந்தக் கலவை வார்த்த பிறகு இத்தனைக்கு மேல் வளையாது" என்று குணத்தை வைத்து உரிமை கேட்டால், பழைய கலவையும் வளைந்திருக்காது என்று அவருக்குச் சந்தேகம் வரும். பழைய ஆவணமோ அதை அளந்தே இருக்காது. 1977இல் அமெரிக்கச் சுங்க, காப்புரிமை மேல்முறையீட்டு நீதிமன்றம், பெஸ்ட் என்பவரின் வழக்கில் இதற்கு விடை சொன்னது. அலுவலகத்தால் பொருளைச் செய்து ஒப்பிட முடியாது. ஆகவே நியாயமான காரணம் காட்டிச் சந்தேகப்பட்டால் போதும், பழையதில் அந்தக் குணம் இல்லை என்று நிரூபிப்பது விண்ணப்பித்தவர் பொறுப்பு. அந்த வழக்கு ஜியோலைட்டைப் பற்றியது. இன்று இழைக் கலவைகளிலும் அதே ஆயுதம்.

இன்னொரு தொல்லை இழையின் பூச்சு. பிளாட்டினம்-ரோடியம் தட்டின் நூற்றுக்கணக்கான துளைகள் வழியே உருகிய கண்ணாடி இறங்கி இழையான அடுத்த நொடியிலேயே, உருளை ஒன்று அதன்மேல் பூச்சைத் தடவிவிடுகிறது. விட்டின் சிலேன் அதற்குள்தான் இருக்கிறது. கூடவே இழைகளை ஒன்றாகப் பிடித்துவைக்கும் பசை, வழுக்குப் பொருள், இன்னும் என்னென்னவோ. அந்தச் சேர்மானம் இழைக் கம்பெனிகளின் அடுப்படி ரகசியம். ஆகவே ரெசின் கம்பெனி தன் விண்ணப்பத்தில் இழையின் விற்பனைக் குறியீட்டு எண்ணை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். பலத்தைத் தீர்மானிக்கிற பொருள் எது என்று எழுதியவருக்கும் தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது. கம்பெனி நாளை பூச்சை மாற்றினால், அல்லது அந்தச் சரக்கை நிறுத்தினால், அந்த எடுத்துக்காட்டை யாராலும் திரும்பச் செய்ய முடியாது. காப்புரிமை என்பதே 20 வருஷ உரிமைக்குப் பதிலாக ஊருக்குச் சொல்லிக்கொடுப்பது. சொல்லாமலேயே உரிமை வாங்கிப் போகிற இந்த வழக்கத்தைப் பரிசோதகர்கள் இன்னும் கடுமையாகப் பிடிக்கலாம் என்பது என் கட்சி.

இந்தியாவில் இந்தக் கேள்விகள் தாமதமாகத்தான் வந்தன. 1972இல் நடைமுறைக்கு வந்த நம் சட்டம், வேதிமுறையால் தயாராகும் பொருளுக்குப் பொருள் உரிமை தராது. தயாரிக்கும் முறைக்கு மட்டும் தரும். அதனால் அந்தக் கால விண்ணப்பங்களின் தலைப்புகள் "தயாரிக்கும் முறை" என்றே முடியும். 2005 ஜனவரி 1 முதல் அந்தத் தடை நீங்கியது. கலவைகள் கலவைகளாகவே வாசல் தாண்டி வந்தன. சென்னை கிண்டி அலுவலகம் உட்பட எங்கே தாக்கல் செய்தாலும், முதல் பரிசோதனை அறிக்கையில் கலவை விண்ணப்பங்களுக்கு 3(ஈ) ஆட்சேபம் ஏறக்குறைய நிச்சயம். பதிலில் ஒரு அட்டவணை போகும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

இழை சேர்ந்த பிளாஸ்டிக்கின் விறைப்பு கூடியது என்று காட்டுவார்கள். விறைப்பு கலவை விதிப்படி நடப்பது: இழையின் விறைப்பை அதன் பங்கால் பெருக்கி, ரெசினின் விறைப்பை அதன் பங்கால் பெருக்கிக் கூட்டினால், நீளம், திசை போன்றவற்றுக்குக் கொஞ்சம் கழித்துவிட்டு, வரவேண்டிய எண் வந்துவிடும். குணங்கள் ஒன்றாகக் கூடியது என்று சட்டம் எதைச் சொல்கிறதோ அதையே ஆதாரமாக நீட்டுவது போல் ஆகிவிடும். கூட்டலுக்கு அடங்காதது முறிவைத் தாங்கும் குணம். கண்ணாடியை உடைக்கத் தேவைப்படும் சக்தி ஒரு சதுர மீட்டருக்குப் பத்து ஜூல் அளவில், ரெசினுக்கு நூறு, இருநூறு, சேர்ந்ததற்குப் பல்லாயிரம். விரிசல் ரெசினில் ஓடி வந்து இழையை முட்டும்போது, இழை உடையாமல் ஒட்டு விட்டுப்போகும்; விரிசல் பக்கவாட்டில் திரும்பி முனை மழுங்கும்; உறையிலிருந்து இழையை உருவி எடுப்பதற்கே சக்தி செலவாகிக்கொண்டிருக்கும். இதில் ஒரு நுணுக்கம்: ஒட்டு மிகவும் கெட்டியாக இருந்தாலும் கெடுதல், விரிசல் திரும்பாமல் நேரே இழையை வெட்டிக்கொண்டு போய்விடும். எவ்வளவு ஒட்ட வேண்டும், எப்போது விட வேண்டும் என்ற இடத்தில்தான் உண்மையான வேலை நடக்கிறது. பலமாக வாதாடும் பதில்கள் அந்த இடத்து எண்களைக் கொண்டுவருபவை.

இப்போது வருகிற அலை தட்டையான இழை. வட்டமான இழைக்குப் பதில், ஒரு பக்கம் 28, மறுபக்கம் 7 மைக்ரான் என்று நாடா போல. ஜப்பானின் நிட்டோ போசெகி இதற்குப் பெயர் பெற்ற நிறுவனம். வட்ட இழை கலந்த மெல்லிய பாகம் ஆறும்போது முறுக்கிக்கொள்ளும். தட்டை இழை அதைக் குறைக்கிறது, கைப்பேசியின் உறைக்கு ஏற்றது. உடனே கோரல்கள் வந்துவிட்டன: அகலத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் 3 முதல் 5வரை, பங்கு இத்தனை, நைலான் இந்த வகை. பழைய ஆவணமோ "வட்டமல்லாத குறுக்குவெட்டும் இருக்கலாம்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறது. 4இல் முறுக்கு குறைகிறது, சரி, 2.5இல் அளந்தீர்களா, 6இல் அளந்தீர்களா, அளந்த தகட்டின் தடிமன் என்ன, கேட் எந்தப் பக்கம் இருந்தது? பதில் சொல்ல அறிக்கைத் தேதியிலிருந்து ஆறு மாதம்.